இந்தக் கோப்பைக் கையால் திருத்தாதே

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. ஆறட்டும் என்று நான்கு நாள் காத்திருந்தேன். ஆறவில்லை. சூட்டோடு எழுதுகிறேன், கை சுட்டால் என்னைக் குறை சொல்லாதீர்கள்.

முதலில் எழுதிய தொடக்கம் இது: 'அண்ணனும் தங்கையும் ஒரே கம்ப்யூட்டரைப் பகிர்ந்துகொண்ட அந்த இனிய நாட்களில்...' அடித்துவிட்டேன். இனிமையெல்லாம் கிடையாது. ஒரு கீபோர்டு, இரண்டு பேர், தினமும் சண்டை.

2

எதற்குச் சண்டை என்று சொல்லிவிடுகிறேன். டிவியோடு இணைக்கிற சின்னக் கம்ப்யூட்டர் எங்கள் வீட்டில் இருந்தது. அதற்காக நான் ஒரு புரோகிராமிங் மொழி உருவாக்கினேன். அதில் எழுதுவதை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றக் கம்பைலர் வேண்டும். நேரடியாக எங்கள் இயந்திரத்தின் கட்டளைகளாகவே மாற்றிவிடலாம் என்றேன் நான். பத்து வினாடியில் முடியும், ஆனால் வேறெந்த இயந்திரத்திலும் ஓடாது. முதலில் சி என்கிற, ஊரறிந்த புரோகிராமிங் மொழியாக மாற்று என்றான் அண்ணன். சி எல்லா இடத்திலும் இருக்கிறது, அந்தந்த இயந்திரத்தின் சி கம்பைலர் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும் என்பது அவன் கட்சி.

அவன் சொன்னபடியே செய்தேன். அவன் சொன்னது சரி. (இந்த வாக்கியத்தை எழுத ஒரு நாள் ஆயிற்று.) ஆனால் ஒவ்வொரு தடவையும் இருபது நிமிடம், நான்கு முறை பிளாப்பி மாற்ற வேண்டும். தப்பு வந்தால் என் வரியைக் காட்டாது, நான் எழுதாத ஏதோ ஒரு சி வரியைக் காட்டும். அண்ணன் என் மொழிக்கு 'நத்தை' என்று பெயர் வைத்தான். அதை நத்தையாக்கியதே அவன்தான்.

இன்னொரு நஷ்டமும் இருந்தது, அது அப்போது என் புத்திக்கு எட்டவில்லை. சி கோப்பு கையில் இருந்தால் நத்தை தேவையில்லை. நானும் தேவையில்லை.

3

நத்தையில் நான் எழுதிய பெரிய வேலை, பஸ் டிப்போவுக்கு டியூட்டி சார்ட். எந்த டிரைவருக்கு எந்த ஷிப்ட் என்று அதுவே பிரித்துக் கொடுக்கும். அதன் சி கோப்பைத் தூக்கிக்கொண்டு அண்ணன் டிப்போவுக்குப் போனான், வேலை வாங்கினான். டிப்போ மேனேஜர் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். கீபோர்டின் முன்னால் நான் இருப்பதைப் பார்த்து, தங்கையும் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்கிறாளா என்று விசாரித்தார்.

"அவ எனக்கு டைப் பண்ணிக் குடுப்பா சார். வேகமா அடிப்பா," என்றான் அண்ணன்.

(இங்கே நான் நறுக்கென்று பதில் சொல்வதாக ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். உண்மையில் நான் எழுந்துபோய் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்தேன்.)

4

ஆறு வருடம் கழித்து, போன வாரம் அண்ணனிடமிருந்து போன் வந்தது. டிப்போவில் விதிகள் மாறிவிட்டன. சி கோப்பு ஒன்பதாயிரம் வரி, இயந்திரம் எழுதியது, எவனுக்கும் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. நத்தையில் நான் எழுதிய ஒரிஜினலில் மாற்றி, புதிதாக ஓட்டிக்கொள்கிறானாம்.

"டிஸ்க்க மட்டும் குடு. மத்தத நான் பாத்துக்கறேன்."

"சி கோப்புல ஏதாவது கை வெச்சியா?"

"நானா? இல்லியே."

கோப்பை அனுப்பச் சொல்லி என்னுடையதோடு ஒப்பிட்டேன். நத்தை, தான் உண்டாக்கும் ஒவ்வொரு சி கோப்பின் தலையிலும் ஒரு வரி எழுதும்: இந்தக் கோப்பைக் கையால் திருத்தாதே. திருத்தினால், அடுத்த முறை ஓட்டும்போது திருத்தம் காணாமல் போகும். அந்த வரி அப்படியே இருந்தது. உள்ளே, நத்தை எழுதாத நான்கு வரிகளும் இருந்தன.

அவை எதற்கென்று பார்த்தேன். மாதக் கடைசியில் இரவு ஷிப்ட் பார்த்தவருக்கே ஒன்றாம் தேதி காலை ஷிப்டும் விழுந்திருக்கிறது. பதினாறு மணி நேரம் ஸ்டியரிங்கில். தப்பு என்னுடையது, என் ஒரிஜினலில் இன்றும் இருக்கிறது. அவசரத்தில் இருபது நிமிடம் காத்திருக்க முடியாமல் அவன் கையால் சரிசெய்திருக்கிறான், சரியாகவும் செய்திருக்கிறான். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வாராவாரம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டவன், ஒரு வார்த்தை சொன்னானா? இப்போது அவனே மறந்தும்விட்டான்.

5

நாளைக் காலை பத்து மணிக்கு டிஸ்க் வாங்க வருகிறான். அதற்குள் ஒரு முடிவு வேண்டும்.

முதல் முடிவு: வாய் திறக்காமல் கொடுக்கிறேன். நத்தையில் ஓட்டுகிறான், அவன் சேர்த்த நான்கு வரியும் போகிறது, ஒன்றாம் தேதி முழிக்கிறான். எழுதும்போது இனித்தது. அப்புறம் அந்த டிரைவர், பஸ் நிறைய ஆட்களோடு, தூக்கம் சொக்கும் கண்ணோடு கதைக்குள் வந்துவிட்டார். அவர் எனக்கு என்ன செய்தார்? அடித்துவிட்டேன்.

இரண்டாம் முடிவு: விஷயத்தைச் சொல்கிறேன், அண்ணன் கண்கலங்கி, 'இது உன் வேலைதான்னு மேனேஜர்கிட்ட'... (என் அண்ணனைத் தெரியாதவர்கள் எழுத வேண்டிய முடிவு.)

மூன்றாவது: அவன் சி-யில் செய்த திருத்தத்தை நானே நத்தைக்கு மாற்றி என் ஒரிஜினலில் சேர்ப்பது. தலைகீழாக, நானே கம்பைலராக. வேறு வழியில்லை, உட்கார்ந்தேன். முதல் வரி, இரண்டாம் வரி, மூன்றாம் வரி. அங்கே கை நின்றுவிட்டது. அவன் எழுதியதை நான் டைப் பண்ணிக்கொண்டிருக்கிறேன். வேகமாகத்தான் அடிக்கிறேன். ஆறு வருடத்துக்கு முன் அவன் சொன்ன பொய்யை என் விரல்களே உண்மையாக்குகின்றன.

எழுந்துவிட்டேன். மூன்று வரியோடு விட்டால் அது ஓடாது. நான்காவது இதுதான்: நேற்று இரவு ஓட்டியவருக்கு இன்று காலை பஸ் கொடுக்காதே. கம்ப்யூட்டர் அணையவில்லை, நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. உட்கார்ந்து நீங்கள் அடியுங்கள். நான் அடிக்க மாட்டேன்.