வீட்டில் ஓர் ஆள்

ஒய்னிஸோவின் வீட்டில் ஓர் ஆண் இருமுகிறான் என்று ஷரோஃபத் அக்கா கூட்டத்தில் சொன்னபோது, அது எவ்வளவு பெரிய குற்றச்சாட்டு என்பது எங்களுக்குப் புரிந்தது. உழைக்கிற வயதில் ஆண் இருக்கும் வீட்டுக்கு உதவித்தொகை கிடையாது. எங்கள் மஹல்லா என்கிற தெருக்குழுவில் மூன்று பேர். தலைவர் மன்னாப் அண்ணன், கணக்கராக இருந்து ஓய்வு பெற்ற ஷரோஃபத் அக்கா, வீட்டில் துணி தைக்கும் நான். தெருவில் யார் ஏழை என்பதை நாங்கள்தான் வீடு வீடாகப் போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"என் சுவரும் அவ சுவரும் ஒண்ணு. சுவத்துக்கு அந்தப் பக்கம் நாள் முழுக்க இருமறான்" என்றாள் ஷரோஃபத் அக்கா. "புருஷன் ரஷ்யாவுல காணாமப் போயிட்டான்னு ஊரை ஏமாத்தறா. கையும் காலும் நல்லா இருக்கறவன் உள்ள ஒளிஞ்சுக்கிட்டு அடுத்தவன் வரிப்பணத்துல தின்னுவானாம்!"

"ஒளிஞ்சிருக்கறவன் கக்கூசுக்குக்கூட முத்தத்துக்கு வரமாட்டானா? யாரும் பாக்கலையேக்கா" என்றேன்.

"நீ இப்படியே எல்லாருக்கும் பரிதாபப்படு, முகர்ரம். அப்புறம் ஒருத்தன் பருத்தி எடுக்கப் போகமாட்டான். அத்தனை பேரும் அடுப்புப் பக்கத்துல உக்காந்து கைய நீட்டுவாங்க."

"நிறுத்துங்கம்மா ரெண்டு பேரும்" என்றார் மன்னாப் அண்ணன். "இந்தக் குளிருக்கு நம்ம தெருவுக்கு மிச்சம் ஒரே இடம். அவளுக்குக் குடுக்கணும், இல்லேன்னா ஷரோஃபத்தோட தம்பிக்கு. நேர்ல பாத்துட்டே முடிவு பண்ணுவோம்."

ஷரோஃபத் அக்கா தரையைப் பார்த்தாள். அவளுடைய தம்பி படுத்த படுக்கையாகக் கிடப்பது எல்லோருக்கும் தெரியும். அவள் பொய் சொல்கிறாள் என்று நினைக்கவும் எனக்கு மனம் வரவில்லை. ஆனால் போன வாரம் ஒய்னிஸோ என்னிடம் வந்திருந்தாள். "இந்தத் தடவையும் இல்லேன்னுட்டா பொண்ணுங்களை அரசாங்க இல்லத்துல விட்டுடுவேன்கா. அங்க அறையெல்லாம் சூடா இருக்குமாமே" என்று, யாருடைய பெண்களைப் பற்றியோ பேசுவது போலச் சொல்லிவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை பிற்பகல் போனோம். முற்றத்தில் பனி, அதில் குழந்தைகளின் சின்னக் காலடிகள் மட்டும். ஒய்னிஸோ கதவைத் திறந்தாள். உள்ளே இரும்பு அடுப்பில் பருத்திச் செடியின் காய்ந்த தண்டுகள் எரிந்துகொண்டிருந்தன. கரி வாங்க முடியாத வீடு. ஆனாலும் அறை கதகதப்பாக இருந்தது. அந்தத் தண்டுகள் தரக்கூடிய சூட்டை விட அதிகமாக.

இப்படிப் போகும்போது கண் முதலில் பொய்யைத்தான் தேடும். என் கண்ணும் அப்படித்தான். ஒளித்து வைத்த இறைச்சி, புதுக் கம்பளம், வெளிநாட்டுச் சோப்பு. இன்னொரு பெண்ணின் அலமாரியைத் திறந்து பார்க்கும்போது என் விரல்கள் திருடனுடையவை போல இருக்கும். ஆனாலும் திறப்பேன். அன்று அலமாரியில் அரை மூட்டை மாவும் வெங்காயமும் இருந்தன.

கதவுக்கு எதிரே, வீட்டின் மூத்தவர்கள் உட்காரும் இடத்தில், ஒரு மெத்தை மட்டும் விரித்திருந்தது. அதன் முன் ஒரு தேநீர்க் கிண்ணம். ஆவி பறந்துகொண்டிருந்தது.

"இது யாருக்கும்மா?" என்றார் மன்னாப் அண்ணன்.

"அவருக்குத்தான்."

"பாத்தீங்களா! வாயாலயே சொல்லிட்டா!" என்று ஷரோஃபத் அக்கா துள்ளினாள்.

"உன் புருஷன் ஸோகிர் எங்க இருக்கான்?" என்றார் மன்னாப் அண்ணன்.

"தெரியாதுண்ணே. நாலு வருஷமாப் போன் இல்ல. கூடப் போனவங்களுக்கும் தெரியல."

"அப்ப தேநீர் யார் குடிக்கறது?"

பெரிய மகள் துர்தோனா அடுப்பருகே தங்கையின் கால்களைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள். "அப்பாதான் குடிப்பாரு. ஆனா பேசமாட்டாரு" என்றாள். அதில் விசேஷம் எதுவும் இல்லை என்பது போல.

அப்போது உள்ளறையிலிருந்து இருமல் கேட்டது.

அடிநெஞ்சிலிருந்து வரும் ஆணின் இருமல். இரண்டு முறை. அதன் பிறகு தொண்டையைச் செருமும் ஒலி. நான் அதை என்னையறியாமல் என் கணவரின் இருமலோடு ஒப்பிட்டேன். மாலை முழுவதும் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருப்பார் அவர். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று எனக்கு நினைவில்லை. ஆனாலும் என் வீட்டில் ஆள் உண்டு. எந்தக் குழுவுக்கும் அதில் சந்தேகம் வராது.

மன்னாப் அண்ணன் எழுந்து உள்ளறைத் திரையை விலக்கினார். நானும் அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஜன்னல் பலகை வைத்து அறையப்பட்டிருந்தது. வெளியே போக வேறு வழி இல்லை. யாரும் இல்லை. தரையில் ஒரு படுக்கை. அதில் ஓர் உடம்பு அழுத்திய பள்ளம், எங்கள் கண் முன்னாலேயே மெல்ல மெல்ல மேலெழுந்து சமமாயிற்று.

திரும்பினேன். கிண்ணத்தில் தேநீர் பாதியாகக் குறைந்திருந்தது.

ஷரோஃபத் அக்கா சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். அவள் உதடுகள் ஏதோ ஓதின. "நான் ஆள்னுதான் நெனச்சேன்" என்றாள் என்னிடம் மட்டும். "சத்தியமா ஆள்னுதான் நெனச்சேன், முகர்ரம். இந்தத் தெருவுல எல்லா வீட்டுலயும் வியாழக்கிழமை செத்தவங்களுக்கு எண்ணெய் காய்ச்சி வாசம் எழுப்பறாங்க. இவ ஒரு தடவைகூடச் செய்யல. அப்ப அவன் உசுரோடதானே இருக்கணும்?"

மன்னாப் அண்ணன் மண்டியிட்டு உட்கார்ந்து, குல்லாவைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். பேசியபோது குரல் அலுவலகக் குரலாக இருந்தது. பயந்த மனிதன் வேறு எதைப் பிடித்துக்கொள்வான்?

"மகளே, நான் எழுதறதுக்கு ரெண்டு வழிதான் இருக்கு. ஆள் இருக்கு, இல்லேன்னா ஆள் இல்ல. நடுவுல ஒண்ணும் எழுத முடியாது. இருமல் எங்க காதுலயும் விழுந்துடுச்சு. இல்லேன்னு நான் எப்படிப் பொய் எழுதறது?"

"இருக்காருன்னே எழுதிக்குங்க."

"எழுதினா ஒரு காசு வராது."

"தெரியும்ண்ணே."

"அப்ப இன்னிக்கு வியாழக்கிழமைதானே. எங்க முன்னால எண்ணெய் காய்ச்சு. ரெண்டு துண்டு மாவைப் போடு. நான் ஓதறேன். அவன் பேரைச் சொல்லி ஒப்புக்குடுத்துடுவோம். மூணு பேரும் சாட்சி. அப்புறம் நீ விதவை. கோர்ட்டு காகிதம் பின்னால வரட்டும்."

ஒய்னிஸோ என்னைப் பார்த்தாள். "வாசம் எழுப்பினா அவருக்குத் தெரிஞ்சிடும்கா."

"என்ன தெரிஞ்சிடும்?"

"செத்துட்டாருன்னு."

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எப்போதோ தெரிந்திருக்கிறது. தெரியாதது அவனுக்கு மட்டும்தான்.

அவளுடைய கையைப் பிடித்தேன். என்னிடம் சொல்வதற்கு இருந்தது ஒன்றே ஒன்று. அதையும் நியாயம் என்று நம்பித்தான் சொன்னேன். "பொண்ணுங்களைப் பாரு, ஒய்னிஸோ. சின்னவ காலைப் பாரு. அவரு இருந்தாலும் இதைத்தான் சொல்வாரு."

சொல்லும்போதே உள்ளே ஒரு சிறு குரல் கேட்டது: உனக்கு எதற்கு இத்தனை அவசரம்? கடல் போன்ற தூரத்தைத் தாண்டி ஒருத்தன் இவளுடைய தேநீருக்கு வருகிறான் என்பது உனக்குப் பொறுக்கவில்லையா?

அவள் எழுந்தாள். வாணலியை அடுப்பில் வைத்தாள். பருத்திக்கொட்டை எண்ணெயைப் புட்டியின் அடிவரை கவிழ்த்து ஊற்றினாள். மாவு பிசைந்தாள். உள்ளறையில் இருமல் தொடர்ந்தது. முன்பைவிட அவசரமாக, ஏதோ கேட்க நினைப்பவனைப் போல. எண்ணெய் புகைந்ததும் அவள் கை வாணலிக்கு மேல் நின்றுவிட்டது.

"போடும்மா" என்றார் மன்னாப் அண்ணன்.

போட்டாள். எண்ணெய் சீறிற்று. அந்தக் கசந்த, கனத்த வாசம் கூரை வரை எழுந்து அறையெங்கும் பரவிற்று. மன்னாப் அண்ணன் ஓதினார். உள்ளங்கைகளை விரித்து, "யாருக்கு?" என்று கேட்டார்.

"ஸோகிருக்கு" என்றாள் ஒய்னிஸோ. "என் புருஷன் ஸோகிருக்கு."

ஓதி முடித்ததும் முகத்தில் கைகளைத் தடவிக்கொண்டோம்.

இருமல் நின்றுவிட்டது. அதைவிடப் பெரிதாக ஒன்று நின்றதை உடம்பு உணர்ந்தது. அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அறையின் சூடு, யாரோ போர்வையை உருவியது போலப் போய்விட்டது. எங்கள் மூச்சு வெள்ளையாகத் தெரிந்தது.

மன்னாப் அண்ணன் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "முறைப்படி முடிச்சிடுவோம். இந்த வீட்டுல ஆள் இல்ல, உதவிக்குத் தகுதி உண்டுன்னு ஒத்துக்கறவங்க கையைத் தூக்குங்க."

அவரே முதலில் தூக்கினார். அடுத்து நான். ஷரோஃபத் அக்கா அழுதுகொண்டிருந்தாள். தம்பிக்காகவா பயத்தாலா என்று தெரியவில்லை. அவளும் தூக்கினாள்.

"இப்ப எனக்குத் தகுதி வந்துடுச்சா?" என்று கேட்டாள் ஒய்னிஸோ. அவள் குரலில் ஏளனம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

துர்தோனா எழுந்து வாசல் கதவைக் கொஞ்சம் திறந்தாள். முற்றத்தைப் பார்த்தபடி நின்றாள்.

"அம்மா, அப்பா வெறுங்காலோட பனியில போறாரு. திரும்பித் திரும்பிப் பாக்கறாரு."

நாங்கள் யாரும் கதவருகே போகவில்லை. எங்கள் மூவருடைய கைகளும் இறங்க மறந்து, ஒருவரை வழியனுப்புவது போல உயர்ந்தபடியே நின்றன.