சகாயசெல்வியின் வலது கை

ஆயக்குடி கொய்யாக்காரி சகாயசெல்வியின் வலது கை, முழங்கையிலிருந்து விரல் நுனிவரை, போன ஆனி மாதம் யார் கண்ணுக்கும் தெரியாமல் போயிற்று. கை இருந்தது. வளையல் சத்தம் கேட்டது, சோறு பிசைந்தது, சந்தையில் கொய்யாப்பழங்கள் தாமாக எழும்பித் தராசுத் தட்டில் போய் உட்கார்ந்தன. திண்டுக்கல் வாடிக்கைக்காரர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எடையில் மட்டும் குறியாக இருந்தார்கள்.

ஐப்பசியில் வலது காதும் கம்மலோடு போனபோதுதான் அவளுக்குப் பயம் வந்தது. அடுத்தது கன்னம், பிறகு முகம், பிறகு என்ன மிஞ்சும்? புருஷன் ராயப்பராஜ் சும்மா இருக்கவில்லை. கல்யாணமான நாள்முதல் மினி வேனில் தன் இடப்பக்கம் உட்கார்ந்து வருகிறவளை அதே வேனில் ஏற்றிக்கொண்டு தோல் டாக்டர், நரம்பு டாக்டர், வேண்டுதல் என்று அலைந்தான். வழியில் இரண்டு மைல்கல்லையும் ஒரு ஆட்டையும் இடித்தான். அதை யாரும் நோயில் சேர்க்கவில்லை.

ரெட்டியார்சத்திரத்தில் கண் முகாம் போட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத கையைக் கண் டாக்டர்தானே பார்க்க வேண்டும் என்பது ராயப்பராஜின் நியாயம். டாக்டர் சத்யபிரியா சகாயசெல்வியின் விழித்திரையைப் படம் எடுத்தார். ஒரு குறையும் இல்லை. துணைக்கு வந்தவன் இடப்பக்கம் கிடந்த ஸ்டூலில் முட்டிக்கொள்வதைப் பார்த்துவிட்டு, "நீங்க செத்த உக்காருங்க" என்றார்.

"எனக்கு எதுக்குங்க? கடைசி வரி பொடி எழுத்தெல்லாம் வாசிச்சுப்புட்டேனே."

அவன் கண்ணின் படத்தில், நரம்பு தொடங்கும் இடத்துக் குழி இருக்க வேண்டியதைவிட அகன்றிருந்தது. கிளாக்கோமா என்கிற கண் அழுத்த நோய் வலிக்காது, நேர்ப் பார்வையை விட்டுவிட்டு ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வரும். ராயப்பராஜுக்கு ஓரம் என்றால் சகாயசெல்விதான்.

"போனது திரும்ப வராதுங்க. இப்பவே படத்துல பிடிச்சுட்டோம், மிச்சத்தைக் காப்பாத்திரலாம்" என்றார் டாக்டர்.

ராயப்பராஜ் அத்தனை பேர் முன்னால் உடைந்து அழுதான். "ஒன் கைய நாந்தான் தொலைச்சேனா, செல்வி?"

பார்க்காமல் போனவன் மேல் கோபம் வரும் என்றுதான் அவள் நினைத்தாள். பிரியம்தான் பொங்கிற்று. "தொலையலீங்க. இந்தாங்க, பிடிச்சுப் பாருங்க."

அதற்குப் பிறகு அவளிடமிருந்து ஒரு மயிரிழைகூடக் குறையவில்லை. இப்போது ஆயக்குடியில் எந்தப் பெண்ணுக்காவது மூக்குத்தி மங்கினால், புருஷனை முதலில் படமெடுக்கக் கூட்டிப்போகிறார்கள். சாயங்கால ஜெபம் முடிந்ததும் ராயப்பராஜ் நாற்காலியில் அண்ணாந்து உட்காருவான். சின்னப் பாட்டில் அந்தரத்தில் சாய்ந்து கண்ணுக்கு ஒரு சொட்டு விடும். மருந்து தொண்டைக்கு இறங்காமலிருக்க மூக்கோரம் செத்த நேரம் அழுத்த வேண்டும். "கண்ண மூடிக்கிட்டு ஆடாம இருங்க" என்பாள். அவன் மூடிக்கொள்வான். இரண்டு விரல்கள் வெதுவெதுப்பாக வந்து அமரும். கண்ணை மூடினால் அந்தக் கையும் எல்லோர் வீட்டுக் கையைப் போலத்தான்.