ஓடையை ஒட்டிய வகுப்பறை

வானவடியில் அகல்யாவின் அடுக்ககத்திலிருந்து பக்கத்துப் பள்ளிக்கு நடந்தால் ஆறு நிமிடம். நகரின் கேம்ப் பகுதியில் இருந்த மற்றொன்றுக்கு வேனில் முக்கால் மணி நேரம். மகள் கிருஷ்ணப்ரியாவை எங்கே ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பது என்ற பேச்சு பிப்ரவரி முழுக்க ஓடியது.

"குழந்த தெனமும் ஒன்றரை மணி நேரம் வேன்லயே கெடக்கோணுமா?" என்றான் கணவன் மனோஜ்.

ஏப்ரலில் அகல்யா பக்கத்துப் பள்ளியைப் பார்க்கப் போனாள். எங்கும் புது பெயின்ட் வாசனை. ஒன்றாம் வகுப்பு கடைசி அறை. அதன் பின்சுவரை ஒட்டி ஓடை; கோடையில் அது நூலாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அறையின் நான்கு சுவர்களிலும் ஒரே மட்டத்தில், பெயின்ட்டையும் மீறி, ஒரு பழுப்புக் கோடு தெரிந்தது. உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் தலைக்கு மேலே.

"வெறும் ஈரம்தான், மேடம்," என்று தலைமை ஆசிரியை சிரித்தார்.

வாசலில் காவலாளியை விசாரித்தாள். அவர் உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, தணிந்த குரலில் இந்தியில் சொன்னார். மூன்று வருடம் முன்பு ஓடை உள்ளே வந்துவிட்டதாம். விடுமுறை நாளானதால் பிள்ளைகள் இல்லையாம்.

அகல்யா மகளைக் கேம்ப் பள்ளியில் சேர்த்தாள்.

மே மாதம் எதிர்வீட்டு சைனபு சொன்னாள்: "இன்ஷாவ பக்கத்து ஸ்கூல்லயே போட்டுட்டேன்க்கா. யூனிபார்மும் தச்சாச்சு. நீங்க ஏன் அவ்ளோ தூரம் அனுப்புறீங்க?"

அகல்யா சொல்ல வாயெடுத்தாள். சேர்த்து முடித்தவளை எதற்குக் கலங்கடிப்பது என்று தோன்றியது. "அங்க இங்கிலீஷ் நல்லாருக்கும்னாங்க," என்று மழுப்பிவிட்டாள்.

ஜூலையில் மூன்று நாள் விடாத மழை. வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்த்த அகல்யா, அரைமணிக்கு ஒருமுறை பால்கனிக்குப் போய் ஓடையைப் பார்த்தாள். நேற்று ஓடைப் பாலத்துக்குக் கீழே ஓர் ஆள் உயரம் இடைவெளி இருந்தது. இன்று பதினோரு மணிக்கு இடைவெளியே இல்லை.

பள்ளிக்குப் போன் போட்டாள், யாரும் எடுக்கவில்லை. எதிர்க்கதவைத் தட்டினாள். "சைனபு, ஒடனே வா! ஸ்கூலுக்கு!"

இருவரும் ஓடினார்கள். பள்ளி முற்றத்தில் முழங்கால் அளவு தண்ணீர். முற்றத்தைவிடத் தாழ்ந்திருந்த கடைசி அறையில் பிள்ளைகள் மேசைகள் மேல் நின்று கதறிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் இடுப்பளவு நீரில் நின்று ஒவ்வொருவராகத் தூக்கிக் கொடுத்தார். காவலாளி, அகல்யா, சைனபு என்று கைமாறிப் பிள்ளைகள் மாடிப்படிக்குப் போனார்கள். இன்ஷா ஒன்பதாவதாக வந்தாள். சைனபு அவளைப் படியில் விட்டுவிட்டு மறுபடி கை நீட்டினாள். கடைசிப் பிள்ளையும் டீச்சரும் வெளியேறிச் சற்று நேரத்தில், பின்சுவர் மொத்தமாக உள்ளே சரிந்தது.

மாலையில் சைனபு மகளை மடியில் வைத்துத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒங்களுக்கு எப்படிக்கா தெரிஞ்சுது?"

அகல்யா ஒளிக்காமல் சொன்னாள். கோட்டையும், காவலாளி சொன்னதையும்.

சைனபுவின் கை நின்றது. "ஏப்ரல்லயே தெரியுமா?"

"தெரியும்."

சைனபு எழுந்து கதவைத் திறந்து பிடித்தாள். அகல்யா வெளியே வந்தாள்.

அடுத்த வாரம் சைனபுவின் கணவர் கவுஸ் வந்து வேன்காரரின் நம்பரை வாங்கிப் போனார். இப்போது இரண்டு பிள்ளைகளும் ஒரே வேனில் கேம்ப்புக்குப் போகிறார்கள். தாய்மார் இருவரும் கேட் அருகே நிற்கிறார்கள். சைனபு அகல்யாவிடம் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை.