வெள்ளிக்கிழமைக் குளிசை

அன்பிற்குரிய படிப்போரே, நலந்தானே? வீட்டில் யாவரும் நலமா? மாரி பிறந்துவிட்டது, தலையை நனையவிடாமல், சூடாக ஏதேனும் பருகிக்கொண்டே இதனைப் படியுங்கள்.

ஐப்பசித் திங்களின் முதன்மழை இரவெல்லாம் பொழிந்து ஓய்ந்த ஒரு காலையில், பண்டத்தரிப்பின் செம்மண் தோட்டங்கள் நீராடி எழுந்த மகளிர் கூந்தல் உலர்த்துவதுபோல் மெல்லிய ஆவி விட்டு நிற்க, பனைகளின் கருந்தலைகள் எஞ்சிய துளிகளை ஒவ்வொன்றாய் உதிர்க்க, மானிப்பாய் வழியே யாழ்நகர்நோக்கி விரைந்த பேருந்துகள் சேற்றுநீரை இருமருங்கும் வாரி இறைத்துச் சென்றன. அந்நகரத்து மருத்துவமனை ஒன்றின் நெடுங்கூடத்திலோ, ஈரச்சுவரில் படரும் பாசியென ஓசையின்றிப் படர்ந்துகொண்டிருந்தது ஓர் ஐயம்.

ஐயத்தின் நடுவே கிடந்தவர் முத்துக்குமாரு, புகையிலைத் தோட்டக்காரர், நீரிழிவு நோயர். கோயிலுக்குப் போகும் வழியில் வியர்த்து நடுங்கி விழுவதும், குருதியில் சர்க்கரை அற்றுப்போன நிலையிற் கொணரப்படுவதும், இனிப்புநீர் ஏற்றியதும் எழுந்தமர்ந்து நாணத்தோடு சிரிப்பதும் அவருக்கு வழக்கமாகியிருந்தன. அவருக்கு நாடோறும் சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையாம் குளிசையை எடுத்துக் கொடுப்பவள் மருமகள் றோஸ். கடற்கரைக் கத்தோலிக்கக் குடியிற் பிறந்து, முத்துக்குமாருவின் மகன் சுதாகரனை விரும்பி மணந்து, பிள்ளைப்பேறு வாய்க்காமல் அவ்வீட்டில் வாழ்பவள். அவள் கையால் வாங்கி விழுங்கிவிட்டு நடந்த மனிதர் கோயிலை எட்டுமுன் விழுகிறார் என்பதை ஊர் கண்டது. கண்டதோடு நில்லாமல், தனக்கு வேண்டியவாறு கோத்தும் கொண்டது.

"உவள் குடுக்கிறதை விழுங்கிப்போட்டுத்தான் என்ரை தம்பி விழுறான்," என்றார் முத்துக்குமாருவின் தமக்கை பராசக்தி, கட்டிலைச் சூழ்ந்து நின்ற மருத்துவ மாணாக்கரிடம். "காணியிலை கண் வைச்சிட்டாள், பிள்ளையள்."

மாணாக்கருள் சுபாங்கன் என்பான் கூர்த்த அறிவினன். அவ்வறிவின் கூர்மை தன்னையே வெட்டும் என அதுவரை அறியாதவன். "சந்தேகமாத்தான் கிடக்கு அம்மா," என்று அவன் தணிந்த குரலிற் சொன்ன ஒரு சொல், அன்று மாலைக்குள் சுதாகரனின் செவியை அடைந்து, "டொக்டர்மாரே சொல்லுகினம்" எனப் பருத்தது. மனைவியின் முகத்தை நேர்நோக்க இயலாத சுதாகரன், மருத்துவமனை வாயிலில் நின்று, "றோஸ், அப்பா சுகமாகி வாற வரைக்கும் நீர் உங்கடை வீட்டை போய் இரும்," என்றான். அவள் அன்றே புறப்பட்டாள்.

மருந்தை ஏதமின்றி எழுதும் கலையை அம்மாணாக்கருக்குக் கற்பிக்க வந்த உதயகலா, அண்மையிற்றான் விரிவுரையாளர் ஆனவள். சுபாங்கனின் கருத்தைக் கேட்டு அவள் சினக்கவில்லை. "சந்தேகப்படுங்கோ. அது எங்கடை தொழில்தான். ஆனா முதல்லை மருந்தைச் சந்தேகப்படுங்கோ. பிறகு அதை எழுதின கையை. ஆளைச் சந்தேகப்படுறது கடைசியிலை." குளிசையின் அளவைப் பாதியாக்கி, நோயரைக் கூடத்திலேயே வைத்துக் கண்காணிக்கும்படி பணித்தாள். வியாழன்வரை நாள்கள் கழிந்தன, முத்துக்குமாரு நன்றாக உண்டார், உறங்கினார், ஒருமுறையும் விழவில்லை.

"பாத்தியே? அவள் குடுக்கேல்லை, அவர் விழேல்லை," என்றான் சுபாங்கன்.

உடன்பயிலும் நிவேதனா நகைத்தாள். "உனக்குத் தொப்பி ஒண்டுதான் குறை. பொலிசிலை சேந்திருக்கலாம்."

வெள்ளிக்கிழமை காலை, மாமனைக் காண றோஸ் வருவாள் என்றறிந்த சுபாங்கன், கூடத்தின் தூண் ஒன்றின் பின்னே, கொக்கு மீனுக்கு நிற்பதுபோல் நின்றான். அவள் வந்தாள். தேநீர்க் குடுவையைத் திறக்கும் விரல்களையும், சேலைத்தலைப்பைச் செருகும் விரல்களையும் அவன் கண்கள் விடாது தொடர்ந்தன. நீட்டிய தேநீரை முத்துக்குமாரு கைகாட்டி மறுக்கவே, அவள் குடுவையை மூடிவைத்து விலகி நின்றாள். அவள் கைகளில் வேறொன்றும் இல்லை.

அப்பொழுதுதான் அவன் பார்வை, தான் பார்க்க வாராத ஒன்றின்மேல் விழுந்தது. முத்துக்குமாருவின் காலையுணவு அடுத்த கட்டிலில் இருந்த நோயாளி லெனாட்டின் மடியில் இருந்தது. தூண்மறைவினின்று வெளிப்பட்டு, அதேன் உம்மிடம் என்று வினவினான்.

"ஐயா விடியவே சொல்லிப்போட்டார், இண்டைக்கு இடியப்பம் எனக்கெண்டு," என்றான் லெனாட், மென்றுகொண்டே. "நல்ல மனிசன்."

அதற்குள் தாதி குளிசையோடு வந்துவிட்டாள். முத்துக்குமாரு அதனை நாவிலிட்டு நீர்க்குவளையை உயர்த்தினார். சுபாங்கன் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பற்றினான். "ஐயா, விழுங்காதேங்கோ. நீங்கள் சாப்பிடேல்லை."

குளிசையைக் கன்னத்துள் ஒதுக்கிக்கொண்டு முதியவர் பரிவோடு விளக்கினார்: "இண்டைக்கு வெள்ளியெல்லே, தம்பி. வெள்ளிதோறும் முருகனுக்காக நான் பிடிக்கிற விரதம். மருந்து சாப்பாடில்லை, அது விரதத்தை முறிக்காது."

உணவு உள்வரும் என நம்பிச் சர்க்கரையை விரட்டும் குளிசை, உணவு வாராத வெற்றுடலில் உயிர்நிலைச் சர்க்கரையையே விரட்டுகிறது. நோன்பை விடுமாறு முன்னமே ஊர் மருத்துவர் சொன்னதால், வெள்ளிதோறும் கோயில் மடத்தில் உண்பதாக முத்துக்குமாரு வீட்டில் பொய்யுரைத்தார். ஒருநாளும் தவறவிடக்கூடாது என்று அவரே சொன்னதால், றோஸ் வெள்ளிதோறும் குளிசை கொடுத்தாள். கூடத்தில் அவள் கொடாதபோது, அதே கேட்டை மருத்துவமனையே தன் கையாற் கொடுக்க இருந்தது.

விரைந்து வந்த உதயகலா, முதியவரைத் துப்பச் செய்து, தலைமாட்டிலிருந்த மருந்துத் தாளைப் பார்த்தாள். "'சாப்பாட்டுக்கு முன்' எண்டு எழுதினனான். சாப்பிடாட்டில் போடவேண்டாம் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. விரதமோ எண்டு நானும் கேக்கேல்லை. யாழ்ப்பாணத்திலை பிறந்து வளந்துமே கேக்கேல்லை."

"ஆருக்காக ஐயா இந்த விரதம்?" என்றாள் நிவேதனா.

முதியவர் றோஸின் பக்கம் திரும்பாமலே சொன்னார். "பிள்ளைக்கு ஒரு பிள்ளை வேணுமெண்டு."

அன்று பிற்பகல், செய்தியறிந்து சுதாகரன் வந்தான், பராசக்தியும் வந்தார். சுபாங்கன் றோஸின் முன்சென்று, தன் ஒரு சொல்லே அவளுக்கு இத்தீங்கை விளைத்ததென்று கூறித் தலைகுனிந்தான். அவள் அவனை நெடிது நோக்கினாள். "வடிவாப் படியுங்கோ, தம்பி," என்றாள்.

"வாரும், வீட்டை போவம்," என்றான் சுதாகரன்.

"வாறன். மாமாவுக்குச் சமைப்பன், உடுப்புத் தோய்ப்பன். ஆனா குளிசையை இனி உங்கடை கையாலை குடுங்கோ. மாமியும் பக்கத்திலை நிண்டு பாக்கட்டும்."

பராசக்தி சேலைத்தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். றோஸ் குடுவையை எடுத்துக்கொண்டு முன்னே நடந்தாள். கணவன் சில அடி பின்னே, அழையாத விருந்தினன்போல் தொடர்ந்தான்.

குறைந்த சர்க்கரையை இனிப்புநீர் மீட்கும். மிகுந்த மருந்துக்கும் மாற்றுமருந்து பல உண்டு. நாவினின்று நழுவி ஒருவர் நெஞ்சிற் கலந்துவிட்ட ஐயத்துக்கு எதனை, எவ்வளவு, எத்தனை காலம் கொடுப்பதென்று எந்நூலும் வரையறுத்து உரைத்ததில்லை. உங்கள் இல்லத்திலும் நோன்பும் மருந்தும் முட்டிக்கொண்டதுண்டோ? குற்றமற்ற கை ஒன்றன்மேல் பழி விழுந்ததுண்டோ? அது பின்னர் ஆறியதா, ஆறாமலே உடன்வாழ்கிறதா? ஒளியாமல் எனக்கு எழுதுங்கள், ஒவ்வொன்றையும் படிப்பேன்.