முதலில் கன்னத்தில், பிறகு நெஞ்சில்

குவின்டன் தன் அம்மாவின் கார் கொட்டகையில் வேப் கடை, அதாவது மின்சிகரெட் கடை, திறந்தபோது எங்கள் ரிட்ரீட் பக்கம் தெருவுக்கு ஒரு வேப் கடை இருந்தது. அதனால் நம்முடையதைக் கடை என்று சொல்லவே கூடாது என்று எனக்கு உத்தரவு போட்டான். இது மூச்சு நிலையமாம். சுவரில் ஒரு நுரையீரல் படம் மாட்டினான். ஸ்டேஷன் பக்கத்துக் கறிக்கடையைக் காலி செய்தபோது விட்டுப் போன படம் அது, ஆட்டு நுரையீரல். வந்தவர்கள் யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை. சிலர் அதைப் பார்த்துத் தங்கள் நெஞ்சைத் தடவிக்கொண்டார்கள்.

நான் குவின்டனின் சித்தி மகள். பள்ளிக்கூடம் போவது நின்ற பிறகு அங்கே கல்லாவில் உட்கார்ந்தேன். எனக்குப் பேச்சு அதிகம் வராது. குவின்டன் இருக்குமிடத்தில் அது ஒரு குறையே இல்லை.

சனிக்கிழமை காலையில் வகுப்பு. வேப்பை எப்படி இழுப்பது என்று புதியவர்களுக்குப் பாடம். சிகரெட்டை விடச் சொல்லி மனைவியோ டாக்டரோ துரத்திவிட்ட அங்கிள்கள் வரிசையாக பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பார்கள். குவின்டன் கையில் ஒரு குச்சியோடு படத்தின் முன்னால் நிற்பான்.

"சிகரெட் குடிக்கிறவன் அவசரக்காரன். லபக்குனு நெஞ்சுக்குள்ள தள்ளுவான். இங்க அப்படி இல்ல. ஸ்ட்ரா போட்டு மில்க் ஷேக் குடிக்கிற மாதிரி மெல்ல இழுக்கணும். முதல்ல கன்னத்துல நிறுத்தணும். அப்புறம் வாயத் தொறந்து காத்தோட சேத்து உள்ள விடணும். முதல்ல கன்னம், அப்புறம் நெஞ்சு. எல்லாரும் சொல்லுங்க."

"முதல்ல கன்னம், அப்புறம் நெஞ்சு," என்பார்கள் அங்கிள்கள், ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளைப் போல.

நெவில் அங்கிள் அந்த வகுப்புக்கு வந்தது நவம்பரில். அவர் எங்கள் எதிர்வீடு. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டுகிறவர். ஆனால் அவரிடம் யாராவது தொழில் என்ன என்று கேட்டால், கிறிஸ்துமஸ் பேண்டில் ட்யூபா என்றுதான் சொல்வார். அவர் அப்பாவும் ஊதியது அதே பேண்டில் அதே பெரிய ட்யூபாக் குழல். இரண்டு பேர் மூச்சும் ஒரே பித்தளைக்குள் போய் வந்ததாகப் பெருமை.

டிசம்பர் பிறந்தால் ஒவ்வொரு ஞாயிறு மதியமும் பேண்ட் யூனிஃபார்மோடு அணிவகுத்து ஓர் உறுப்பினரின் வீட்டுக்குப் போகும். வீட்டுக்குள் நின்று ஒரு கீர்த்தனை வாசிக்கும், ஜெபம் செய்யும், பிறகு அந்த வீட்டு மேசையில் வைத்திருப்பதை ஒன்றுவிடாமல் தின்றுவிட்டுப் போகும். இந்த வருஷம் நெவில் அங்கிள் வீட்டு முறை. பேண்ட் வாசல் வரை வந்து திரும்பிப்போன வீடு என்று ஒன்று எங்கள் பக்கம் உண்டு. அந்தக் குடும்பம் வேறு ஊருக்குப் போய்விட்டது. இன்றைக்கும் அந்த வீட்டைச் சுட்டிக்காட்டித்தான் வழி சொல்கிறோம்.

அந்த மேசையை வைத்துத்தான் அவர் மனைவி மெர்ல் ஆன்ட்டி அவரைப் பிடித்தாள். அவள் குரல் தெரு முழுக்கக் கேட்டது.

"உன் மேல சிகரெட் வாசம் வந்துச்சு, அவ்வளவுதான் நெவில். பேண்ட் என் வாசப்படிய மிதிக்காது. மேசை மேல ஒரு போர்வையப் போத்திட்டு நானும் படுத்துக்குவேன். பேண்ட் கேப்டன் கதவத் தட்டித் தட்டிக் கை வலிச்சுப் போகட்டும்."

அடுத்த ஞாயிறே நெவில் அங்கிள் சபையில் எழுந்து நின்று, புகையிலை ஆசையைக் கர்த்தர் தன்னிடமிருந்து எடுத்துப்போட்டார் என்று சாட்சி சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். கேப்டன் ஆரென்ட்சே எழுந்து அவரைக் கட்டிப்பிடித்தார். அதற்கு முந்தின நாள்தான் நெவில் அங்கிள் எங்கள் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார்.

வகுப்பில் மற்றவர்கள் எல்லாரும் தேறிவிட்டார்கள். அவருக்கு மட்டும் வரவில்லை.

"கன்னத்துல நிறுத்துங்க அங்கிள்."

"எப்படிப்பா நிறுத்துறது? ட்யூபாக்காரனுக்குக் கன்னம்னு ஒன்னே கெடையாது. சின்ன வயசுல கன்னம் உப்பினா எங்கப்பா விரலால சுண்டுவாரு. மூச்சுன்னா அடிவயிறு. நேரா."

"இன்னைக்கு மட்டும் உப்புங்க."

அவர் முயன்றார். கன்னத்தில் கால் நொடிகூட எதுவும் நிற்கவில்லை. அடிவயிற்றிலிருந்து ஓர் இழுப்பு. சின்னக் கருவி கீச்சென்று கத்தியது, அவர் கண்கள் பிதுங்கின, பிறகு ஓர் இருமல். நாற்காலியோடு சேர்ந்து பின்னால் சாய்ந்தார்.

நல்ல ஆசிரியனாக இருந்தால் மறுபடி சொல்லிக் கொடுத்திருப்பான். குவின்டன் நல்ல வியாபாரி. பாடத்தை மாற்றினான்.

"அங்கிள், உங்க மேல தப்பில்ல. இது ஆரம்பக்காரன் கருவி. நீங்க பிறவியிலயே நேர் நெஞ்சுக்காரர்." கண்ணாடி அலமாரியிலிருந்து செங்கல் அளவு கருவி ஒன்றை எடுத்தான். "இதுல கன்னமே தேவையில்ல. ட்யூபா மாதிரியே இழுங்க."

இழுத்தார். விட்டார். கொட்டகை காணாமல் போனது. கல்லாவிலிருந்து என் கையே எனக்குத் தெரியவில்லை. குவின்டனின் அம்மா தீப்பிடித்துவிட்டது என்று வாளித் தண்ணீரோடு ஓடிவந்து, தெரிந்த இடத்தில் ஊற்றினாள். வெள்ளை மெல்ல விலகியபோது நுரையீரல் படத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நெவில் அங்கிள் சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு மனிதன் அப்படிச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

"உள்ள போனது அவ்வளவும் வெளிய வந்துருச்சேடா!"

"வாசம் எது வேணும் அங்கிள்?"

அவர் இதை யோசித்துவிட்டுத்தான் வந்திருந்தார். புகையிலை வாசம் ஆகாது. புதினா போட்டால் எதையோ மறைக்கிறான் என்று தெரிந்துவிடும். பழ வாசத்தோடு வீட்டுக்குப் போனால் மெர்ல் கேள்வி கேட்பாள். எங்கள் பக்கம் எந்த வீட்டிலும் கேள்வி கேட்க வைக்காத வாசம் ஒன்றுதான். ஞாயிறு காலையில் எண்ணெயில் பொரித்துப் பாகில் முக்கித் தேங்காய்ப்பூவில் புரட்டி எடுக்கும் கூசிஸ்டர். குவின்டன் அந்த வாசத்திலேயே வேப்புக்குள் ஊற்றும் சாறு ஒன்று தயாரித்து வைத்திருந்தான்.

"எங்க வீட்டுத் திரைச்சீலையே கூசிஸ்டர் வாசம்தான் அடிக்கும்," என்றார் நெவில் அங்கிள். "யாருக்குத் தெரியப்போவுது?"

ஆணாகப் பிறந்தவர் சொல்கிற பேச்சு. குவின்டனும் ஆண், அதனால் தலையாட்டினான். குவின்டனின் சாறு சோம்பு வாசம். மெர்ல் ஆன்ட்டி கூசிஸ்டரில் சோம்பு போட மாட்டாள். ஏலமும் பட்டையும் காய்ந்த ஆரஞ்சுத் தோலும்தான். கெட்டுப்போன எண்ணெயை மறைக்கிறவர்கள்தான் சோம்பு போடுவார்கள் என்பது அவள் கொள்கை. எங்கள் தெருப்பக்கம் சோம்பு அள்ளிப் போடுகிறவள் ஒருத்திதான். பின்தெரு லவோனா ஆன்ட்டி. விதவை. நன்றாகச் சிரிப்பாள். நான் வாயைத் திறப்பதற்குள் நெவில் அங்கிள் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

பேண்ட் வரவேண்டிய ஞாயிறு வந்தது. காலையில் நான் முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு வாசலில் மெர்ல் ஆன்ட்டி புருஷனுக்கு டை கட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று டையோடு அவரை இழுத்து, மூக்கைச் சட்டைக்குள் விட்டாள்.

"சிகரெட் வாசமா அடிக்குது?" என்றார் நெவில் அங்கிள், தைரியமாக.

"இல்ல," என்றாள். "சோம்பு."

"என்ன சோம்பு?"

"அதத்தான் நானும் கேக்கறேன். யார் வீட்டுச் சோம்பு, நெவில்?"

"நம்ம வீட்டுக் கூசிஸ்டர்தான் மெர்ல்..."

"என் வீட்டுல சோம்பு டப்பாவே கெடையாது! மூணு வாரமா மோந்து பாக்கறேன். தலையணையில சோம்பு, வேன்ல சோம்பு. என் கூசிஸ்டர் கசந்து போச்சா உனக்கு? போ. பேண்டக் கூட்டிட்டு அவ வீட்டுக்கே போ. அவ மேசை போடட்டும்."

நிஜத்தைச் சொன்னால் சாட்சி பொய்யாகும். சொல்லாவிட்டால் லவோனா நிஜமாவாள். கதவு சாத்தப்பட்டது.

மதியம் தென்கிழக்குக் காற்று குப்பைத் தொட்டிகளை உருட்டிக்கொண்டிருந்தது. அதற்கு நடுவில் பேண்ட் வந்தது. நீலக் கோட்டு, சாம்பல் கால்சட்டை, வெள்ளைத் தொப்பி, எல்லாருடைய காலும் ஒரே கால். பின்னால் பாதி ரிட்ரீட். நெவில் அங்கிள் கடைசி வரிசையில் ட்யூபாவுக்குள் பாதி ஒளிந்து நடந்தார். கேப்டன் ஆரென்ட்சே தன் வெள்ளிப்பூண் தடியால் கதவைத் தட்டினார்.

கதவு திறந்தது. இரும்புக் கம்பிக்கதவு திறக்கவில்லை. அதன் பின்னால் மெர்ல் ஆன்ட்டி, சபைக்குப் போகும் தொப்பியோடு.

"சமாதானம் உண்டாவதாக, சகோதரி. உள்ள வரலாமா?"

"வரலாம் கேப்டன். என் புருஷன் வாயில யார் வீட்டுக் கூசிஸ்டர் வாசம்னு முதல்ல சொல்லட்டும்."

எல்லாத் தலைகளும் திரும்பிய திசையில் லவோனா ஆன்ட்டி நின்றிருந்தாள்.

"என்ன ஏன் பாக்கறீங்க? அந்த மனுஷன் என்கிட்ட கூசிஸ்டர் கேட்டதே இல்ல. கேட்டிருந்தா ஒன்னு குடுத்திருப்பேன். அதையும் வாசப்படியிலதான்!"

"ஒன்னு குடுப்பாளாம், கேட்டீங்களா?" என்றாள் மெர்ல் ஆன்ட்டி.

"நெவில்," என்றார் கேப்டன். "என்ன இது?"

நெவில் அங்கிள் ட்யூபாவைக் கீழே வைத்தார். முகம் பித்தளையைவிடச் சிவந்திருந்தது. கோட்டின் உள்பையிலிருந்து செங்கல்லை எடுத்தார். "இதுதான் மெர்ல். வேப். குவின்டன் கடைச் சாறு. லவோனா இல்ல."

"பொய். டப்பாவுல எப்படி கூசிஸ்டர் வாசம் வரும்?"

"இரு, காட்டறேன்." வாய்க்குக் கொண்டுபோனார்.

"நிறுத்து!" கேப்டனின் தடி குறுக்கே வந்தது. "யூனிஃபார்ம்ல புகை விட்டவன் இந்த பேண்ட்ல இருந்ததே இல்ல. இந்தக் கோட்டு உன்னோடதில்ல நெவில், பேண்டோடது. விட்டேன்னா, இங்கயே கழட்டிக் குடுத்துட்டுப் போகணும்."

நெவில் அங்கிள் கம்பிக்கதவைப் பார்த்தார், கேப்டனைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி கேப்டன் கையில் கொடுத்தார். கோட்டைக் கழற்றினார். டை. சட்டை. பனியனோடு நின்று வேப்பை எடுத்தார்.

"கால்சட்டையும் யூனிஃபார்ம்தான்," என்றார் கேப்டன்.

"கேப்டன், பொம்பளைங்க நிக்கறாங்க."

"விதின்னா விதி."

கால்சட்டையும் கேப்டன் கைக்குப் போனது. பூப்போட்ட அரைக்கால் உள்ளாடையில், பளபளக்கும் பூட்ஸோடு, முப்பது வருஷ ட்யூபாக்காரர் தன் வீட்டு வாசலில் நின்று அடிவயிற்றிலிருந்து இழுத்தார். என்னை அறியாமல் நானும் மூச்சை இழுத்தேன். விட்டார். தென்கிழக்குக் காற்று அந்த மேகத்தை அப்படியே சுருட்டிக் கேப்டன் முகத்தில் அறைந்தது. முன்வரிசை சாக்ஸஃபோன்கள் இருமின. மெர்ல் ஆன்ட்டிக்கு ஒரு துளி வாசம் போகவில்லை.

"பக்கத்துல வா," என்றாள். கம்பியில் மூக்கை வைத்தாள்.

அவர் கம்பியில் வாயை வைத்து மறுபடி விட்டார். அவள் கண்ணை மூடி மோந்தாள். நெடுநேரம் மோந்தாள், சமையல் போட்டி நடுவர் மாதிரி.

"கர்த்தர் எடுத்துட்டார்னு சபையில சொன்ன."

"சிகரெட்ட எடுத்துட்டாரு மெர்ல். பதிலுக்கு இதக் குடுத்துட்டாரு."

கூட்டத்தில் யாரோ ஆமென் என்றார்கள். மெர்ல் ஆன்ட்டியின் உதடு துடித்தது. கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை. பூட்டுத் திறக்கும் சத்தம் கேட்டது.

"உள்ள வாங்க கேப்டன், சுட்ட பலகாரம் ஆறுது. லவோனா, நீயும் வா, வெளிய நின்னு பல்லக் காட்டாத. நெவில், பின்பக்கமா வந்து படுக்கையறைக்குள்ள போ."

பேண்ட் உள்ளே நுழைந்தது, பின்னால் நானும். மேசையில் போர்வை ஏதும் இல்லை. காலையில் அவ்வளவு சொன்னவள் ஒரு தட்டைக்கூட நகர்த்தவில்லை. கேப்டன் கையை உயர்த்தினார், வாத்தியங்கள் எழுந்தன, முதல் வரி வந்தது. அடியில் ஒன்றுமில்லாமல், ஈரத்துணிபோலத் தொங்கியது. மெர்ல் ஆன்ட்டி கையைத் தட்டி நிறுத்தினாள்.

"என் வீட்டுல ட்யூபா இல்லாம கீர்த்தனையா? அதுக்கு ரேடியோவே போதும்."

"யூனிஃபார்ம் இல்லாதவன் வரிசையில நிக்க முடியாது, சகோதரி."

"நிக்க வேணாம். கண்ணுக்குத் தெரியாம இருந்தா போதும்ல?"

கேப்டன் ஆரென்ட்சே தன் கையிலிருந்த கால்சட்டையை நெடுநேரம் பார்த்தார். விதிப்புத்தகத்தில் தெரியாமல் இருப்பதைப் பற்றி எதுவும் இல்லை போலும். தலையசைத்தார்.

இரண்டு பேர் ட்யூபாவைத் தூக்கிப் படுக்கையறைக்குள் கொடுத்தார்கள். திரைச்சீலை இழுக்கப்பட்டது. அதன் நடுவில் ட்யூபாவின் அகன்ற வாய் மட்டும் கூடத்தை நோக்கி நீட்டிக்கொண்டு நின்றது. கேப்டன் மறுபடி கையை உயர்த்தினார். இந்த முறை கீர்த்தனை தரையிலிருந்து எழுந்தது. உள்ளங்காலில் அதிர்ந்தது. லவோனா ஆன்ட்டி கண்ணைத் துடைத்தாள். நெவில் அங்கிள் அவ்வளவு நன்றாக வாசித்து நான் கேட்டதில்லை.

இரண்டாம் சரணத்துக்கு முன்னால் ட்யூபாவுக்கு ஒரு சின்ன ஓய்வு உண்டு. ஓய்வு முடிந்து ட்யூபா மறுபடி முழங்கியபோது, அதன் வாயிலிருந்து வெள்ளையாக ஒரு நூல் புகை எழுந்து, தூபம் போல உத்தரத்தை நோக்கிப் போனது.

கேப்டன் பார்த்தார். ஆனால் கீர்த்தனையை இரண்டு முறை நிறுத்த முடியாது. மேலும் கீழுமாகக் கை அசைந்துகொண்டே இருந்தது, கண்கள் மட்டும் உத்தரத்தில் நிலைத்தன.

மெர்ல் ஆன்ட்டி என் பக்கமாகச் சாய்ந்தாள். நான் எதிர்வீட்டுக்காரி என்பதைவிடக் கல்லாக்காரி என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

"அந்த குவின்டன்கிட்ட சொல்லு," என்று காதில் சொன்னாள். "சோம்ப எடுத்துட்டு ஆரஞ்சுத் தோல் போடச் சொல்லி. செய்முறை நான் தர்றேன்."