பிணமும் வரிசையில் நின்றது

கொழும்பு வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் எங்கள் பார் இருக்கிறது. நான் அதன் மனேஜர். மனேஜர் என்றால், மேசை துடைப்பவர் லீவு போட்ட அன்று மேசை துடைப்பவர். முதலாளி நாகேந்திரம் தை மாதமே சொல்லிவிட்டார்: "சிவமணி, குண்டு வெடிக்குமெண்டு ஆறு மணிக்கே சனம் வீட்டுக்கு ஓடுது. ஒப்பீஸ் ஆக்களைக் கூட்டமாக் கொண்டு வா. இல்லாட்டி இதைச் சாறிக்கடையாக்கிப் போடுவன்." சாறிக்கடையில் எனக்கு வேலை கிடைக்காது. பச்சைக்கும் நீலத்துக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாது என்று மனைவியே சாட்சி சொல்லுவாள்.

கூட்டமாக வருபவர்களுக்குக் குடி மட்டும் போதாது, விளையாட்டும் வேண்டும் என்று எங்கோ வாசித்திருந்தேன். வாசித்தது பாதி, மிச்சம் என் மூளை. 'கொலைகாரன் யார்?' என்று ஒரு நாடக விருந்து. வந்தவர்களே துப்பறிய வேண்டும். பார்மன் இரத்தினசிங்கம் பிணம். தக்காளி சோஸ் இரத்தம். பக்கத்து ஊர் பாமன்கடையில் கொமியூனிக்கேஷன் என்ற டெலிபோன் கடை வைத்திருக்கும் பாயிஸ் இன்ஸ்பெக்டர். காக்கி போட்டால் உண்மையான பொலிஸ் வந்து அள்ளிக்கொண்டு போய்விடும் என்று, அவருக்கு என் கலியாணக் கோட்டையும் ஒரு பஞ்சு மீசையையும் கொடுத்தேன். கோட்டு அவருக்குத் தொப்புளோடு நின்றுவிட்டது. என்ன முன்யோசனை எனக்கு!

ஒரு காப்புறுதிக் கொம்பனியிலிருந்து இருபது பேர் வந்தார்கள். அவர்களுடைய பெரியவர் விதானகே நல்ல மனிதர். எல்லோருக்கும் பிடித்திருந்தால் அடுத்த மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து அறுபது பேரைக் கூட்டி வருவதாகச் சொல்லியிருந்தார். அந்த அறுபது பேர்தான் என் சோறு.

வெளிச்சத்தைக் குறைத்தோம். இரத்தினசிங்கம் ஐயோ என்று விழுந்தார். கைதட்டல். கதவை உதைத்துக்கொண்டு பாயிஸ் உள்ளே வந்து, நான் எழுதிக் கொடுத்தபடி சிங்களத்தில் கத்தினார்: "கவுருத் ஹெல்லென்ன எபா!" ஒருவரும் அசையக்கூடாது.

பஞ்சு மீசை ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. பால்குடிப் பிள்ளையும் சிரிக்கும். ஆனால் கொம்பனியின் கணக்குப் பகுதியில் வேலை செய்யும் சரோஜினிதேவி எழும்பி, ஹான்ட்பேக்கைத் திறந்து, அடையாள அட்டையையும், கொழும்பில் தமிழர் கையோடு வைத்திருக்க வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டையும் எடுத்துக்கொண்டு சுவரோரம் போய் நின்றார். அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று தமிழர். குசினியிலிருந்து சமையல்காரர். பிறகு பிணம் எழும்பியது. முகத்தில் சோஸ் வடிய, கால்சட்டைப் பையில் கையை விட்டபடி வரிசையில் சேர்ந்துகொண்டது.

"இரத்தினண்ணை, நீங்கள் செத்திட்டீங்கள்! படுங்கோ!" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்போதுதான் கவனித்தேன், என் அட்டையும் என் கையில். கதை எழுதிய மகாராசாவே வரிசையில் கடைசி ஆள்.

மற்றவர்கள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். விதானகே ஓடி வந்து என் கையைக் குலுக்கினார். "அந்த வரிசை பிரமாதம்! அறுபது பேருக்கும் இதையே செய்யுங்கள். எங்கள் சரோஜினியைக்கூடப் பழக்கி வைத்திருக்கிறீர்களே, எப்படி?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

'ஓம் சேர்' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சரோஜினிதேவி துண்டை நாலாக மடித்தபடி என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "தம்பி, அடுத்தமுறை நாங்களும் இருந்து சிரிக்கலாமோ?"

விதானகேயிடம் திரும்பினேன். "அது நடிப்பில்லை சேர்" என்றேன்.

விதானகே சரோஜினிதேவியைப் பார்த்தார். எத்தனையோ வருடமாகத் தன் பக்கத்து மேசையில் இருப்பவர். அவருடைய கையிலிருந்த துண்டைப் பார்த்தார். சிரிப்புப் போய்விட்டது. "அறுபது பேரும் வருவோம். பொலிஸ் இல்லாத விளையாட்டாகச் செய்யுங்கள்" என்றார்.

அன்றிலிருந்து யோசிக்கிறேன். ஒளிச்சுப் பிடிச்சு சரிவராது. ஒளிந்து பழகியவர்கள் எங்களில் அதிகம். புதையல் தேடச் சொன்னால், கேட்பாரற்றுக் கிடக்கும் பொதியைத் தொட இந்த ஊரில் யார் வருவார்? கண்ணைக் கட்டி விளையாடலாமா என்றேன். இரத்தினசிங்கம் வேலையை விட்டே போகிறேன் என்றார். பாட்டு நின்றதும் கதிரையில் பாய்ந்து உட்காரும் விளையாட்டுத்தான் மிச்சம். அதிலும் ஒவ்வொரு சுற்றிலும் ஒருவர் இடமில்லாமல் நிற்க வேண்டும். முதலில் நிற்பது எங்கட ஆளாக இருந்தால், எந்த முகத்தோடு நான் சரோஜினிதேவிக்குச் சோடா கொண்டுபோய் வைப்பது?