வராத மின்நிலையத்தின் வரவேற்புக் குழு

உடல் வைத்த சந்தூக்கைத் தூக்கக் குனிந்தவர்களை ஜெமீல் ஹாஜியார் கையைக் காட்டி நிமிர்த்திவிட்டார்.

"கொஞ்சம் பொறுங்க. ரெண்டு வார்த்தை."

ஹாஜியார் மின்நிலைய வரவேற்புக் குழுவின் தலைவர். குடாக்கரைக்கு வருவதாக இருந்த நிலக்கரி மின்நிலையம் வராமலே போய்விட்டது. தலைவர் பதவி மட்டும் போகவில்லை. அவருடைய இரண்டு வார்த்தை மூதூர் முழுவதும் பிரசித்தம். ஆட்கள் வேப்பமர நிழலுக்கு ஒதுங்கினார்கள்.

"மர்ஹூம் கலீலுர் றஹ்மான் மாஸ்டர், நிலக்கரிக்கே அறிவு புகட்டிய மேதை!"

தலைமாட்டில் நின்ற மகன் அஷ்ரபுக்குக் கூசியது. வாப்பா விஞ்ஞான வாத்தியார். பென்சன் எடுத்த பிறகு வீடு வீடாகப் போய் விளங்கப்படுத்தினார். "கரியை எரிக்கிறதில்ல மக்காள். காத்தைக் குறைச்சு, நீராவியும் விட்டுச் சூடாக்கினா கரி வாயுவாகும். கந்தகத்தைக் கழுவிப் போட்டு அந்த வாயுவை எரிச்சா ஒரு சக்கரம் சுத்தும். மிச்சச் சூட்டில தண்ணி கொதிச்சு மத்தச் சக்கரமும் சுத்தும். கரண்ட் வரும், புகை வராது."

அவ்வளவு தெளிவாகச் சொன்னதுதான் வினை. விளங்கியதால் சனம் நம்பியது. மேய்ச்சல் நிலத்தை எழுதிக் கொடுத்தது. கடைசியில் வந்தது முள்ளுக்கம்பி வேலி மட்டும். வேலிக்குள் நிலம் போன மஹ்ரூப் காக்கா மாடுகளை விற்றார். மாஸ்டரோடு கதைப்பதையும் விட்டார்.

நேற்றுக் காலை திருகோணமலை ஆஸ்பத்திரியில் வாப்பா அஷ்ரபின் கையைப் பிடித்தார். "மஹ்ரூபைக் கூட்டி வா மகன். பொறுக்கச் சொல்லிக் கேக்கணும்."

"ஓம் வாப்பா, பொறகு பார்ப்பம்."

மஹ்ரூபின் வாசலில் போய் நிற்க அஷ்ரபுக்கு வெட்கம். பதிலாக ஹாஜியாரைக் கூட்டிப் போனான். பெரிய மனிசர் வந்து பார்த்தால் மரியாதை அல்லவா? ஹாஜியார் சேலைன் போத்தலும் தெரியும்படி நின்று படம் எடுத்துக்கொண்டார். படத்தில் வாப்பா வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தியில், மஃரிப் தொழுகைக்குச் சற்று முன் மூச்சு அடங்கிவிட்டது.

"வாயுவாக்கம் என்றால்..." ஹாஜியார் இழுத்தார். மறந்துவிட்டது. "அது பெரிய விஷயம்!"

"விடுங்க ஹாஜியார்," என்றது நிழலில் ஒரு குரல். "இன்னும் இழுத்தா மையித்தே எழும்பிச் சொல்லித் தந்திரும்."

பிறகு, வழமைப்படி மகன் கேட்க வேண்டும். "வாப்பா யாருக்கும் பிழை செஞ்சிருந்தா, அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கங்க."

"பொறுத்திட்டம், பொறுத்திட்டம்," என்று முற்றம் முணுமுணுத்தது. கேற்றடியில் நின்ற மஹ்ரூப் மட்டும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"மாஸ்டர் ஒரு சொல்லுக் கேட்டிருந்தா அண்டைக்கே பொறுத்திருப்பன்," என்றார். "அவர் கேக்கல்ல."

அஷ்ரப் வாயைத் திறந்தான். கேட்டார் என்று சொன்னால், ஏன் கூட்டிப் போகவில்லை என்றும் சொல்ல வேண்டும். முற்றம் நிறைய ஆட்கள்.

"தூக்குங்க, தூக்குங்க," என்றார் ஹாஜியார்.

அஷ்ரப் சந்தூக்கின் முன்கம்பைத் தோளில் ஏற்றினான். தெருமுனையில் அவனுக்குப் பின்னால் கம்பைத் தாங்கிய தோள் மாறியது. இருமலைக் கேட்டதும் ஆளைத் தெரிந்தது, மஹ்ரூப். திரும்ப முயன்றான், கம்பு கழுத்தோடு கிடந்தது, தலை திரும்பவில்லை. மஹ்ரூப் அவனைவிடக் குள்ளம். பாரம் பின்பக்கம் சரிந்துகொண்டே போனது. அவர் அடி மாறாமல் நடந்து வந்தார்.